சாய்த்துப் பார்ப்பது

இரண்டு மில்லி போதும்.
புதுக் கண்ணாடிக் குழாய், சோப்பு படாதது.
பிளாஸ்டிக் ஆகாது, பொய் சொல்லும்.
ஸ்டாண்டில் நிறுத்தும்போது மணி ஒன்பது நாற்பது.
இனி இருபது நிமிடம் அதை ஆட்டக் கூடாது,
எடுக்கக் கூடாது.
எட்டிப் பார்க்கலாம்.

முப்பிடாதி, நாற்பத்தொன்று.
கன்னடியன் காலில் பிசான நெல்லுக்கு
அந்தியில் தண்ணீர் திருப்பப் போனவள்.
"குக்கர் விசிலு கணக்கா கேட்டுச்சு சிஸ்டர்,
வயக்காட்டுல யாரு சோறு பொங்குதான்னு திரும்பினேன்."
பேசும்போது ஈறோரம் சிவக்கிறது.
வெத்தலை போடுவியா?
"இல்லையே."

கொம்பையா யூரியா சாக்கோடு நிற்கிறார்.
"பூச்சி தட்டிட்டு" என்கிறார்.
ராத்திரியில் பேர் சொல்லக் கூடாது.
செத்ததற்குமா என்று நான் கேட்கவில்லை.
சாக்கைப் பிரித்தால் முதுகில் சங்கிலி, மூன்று வரிசை.
கன்னடியன் காலில் கண்ணாடி விரியன்
கடித்த ரத்தம் கண்ணாடிக் குழாயில்.
சிரிப்பு வரப் பார்த்தது.
சேரன்மகாதேவியில் நைட் டூட்டி அப்படி.

எட்டாவது நிமிடம்.
வீங்கிய விரல் மெட்டியை விழுங்கிக்கொண்டிருந்தது.
ஆம்புலன்ஸ் டிரைவரிடம் குறடு வாங்கி வெட்டினேன்.
"கலியாணத்துக்குப் பொறவு கழத்துனதே இல்ல" என்றாள்,
வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.
கெண்டைக்காலில் இறுக்கிய வாழைநாரில் இன்னும் கை வைக்கவில்லை.
முதலில் மருந்து ஏற வேண்டும்,
பிறகுதான் அவிழ்க்கலாம், மெல்ல.

"வெசம் ரத்தத்த ஒறைய வைக்கும்னுதான சொல்லுதாவ,
நீங்க ஒறையுதான்னு பாக்கியளே?"

உறைய வைக்கத்தான் செய்யும், கொம்பையா.
உடம்பெங்கும் இல்லாத காயங்களைக் காட்டி
அங்கே அடை, இங்கே அடை என்று விரட்டும்.
ரத்தமும் நம்பி ஓடி ஓடி அடைக்கும்,
கையிருப்பு முழுக்கத் தீரும்வரை.
அப்புறம் ஊசி குத்திய துளிக் காயத்தை அடைக்கவும்
ஒரு கைப்பிடி மண் மிஞ்சாது மடையில்.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"பாப்போம்" என்றேன்.

பத்து மணி.
சாய்த்தேன்.
சாய்ந்தது.
நான் சாய்த்த பக்கமெல்லாம் சாய்ந்தது.

"பத்து வயல் ஏத்தணும்" என்றார் டாக்டர்.
கொம்பையா முகம் செத்தது.
"மூணு மரக்கா வெதப்பாடுதான் சார் இருக்கு."
மருந்துக்குப்பியைத்தான் வயல் என்கிறோம்,
காசில்லை, அரசாங்கம் கொடுப்பது என்று
புரியவைப்பதற்குள் ஆறு குப்பி கரைத்துவிட்டேன்.
குலுக்கினால் நுரைக்கும்.
உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும்,
கொழுக்கட்டைக்கு மாவு உருட்டுகிற பதத்தில்.

எங்கோ ஒரு லாயத்தில்
துளித்துளியாய் விஷம் வாங்கிப் பழகிய குதிரை.
அதன் ரத்தத்தில் தெளிந்தது
இவள் முழங்கைக்குள் இறங்குகிறது.
பத்தாம் நிமிடம் உடம்பெல்லாம் தடிப்பு, நடுக்கம்.
அவளுக்குக் குதிரை புதுசு.
அட்ரினலின் போட்டோம். அடங்கியது.
வாழைநார் அவிழ்ந்தது.

நாலேகாலுக்கு மறுபடி இரண்டு மில்லி,
மறுபடி இருபது நிமிடம்.
பாபநாசம் போகும் முதல் பஸ் சத்தம்.
கொம்பையா பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்க,
காலடியில் சாக்கு.
நாலு முப்பத்தைந்துக்குச் சாய்த்தேன்.
நின்றது.
தலைகீழாய்ப் பிடித்தேன், ரத்தம் விழவில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்,
யாரும் பார்க்கவில்லை.

ஆனால் மூத்திரப் பை.
இரவெல்லாம் சேர்ந்தது ஒரு தம்ளர் இருக்காது,
கடுங்காப்பி நிறம்.
ரத்தம் திரும்பிவிட்டது,
சிறுநீரகம் இன்னும் வாய் திறக்கவில்லை.
பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு எழுதினார் டாக்டர்.
"ஒறைஞ்சிட்டுன்னியளே?" என்றார் கொம்பையா.
"ஒறைஞ்சிட்டு. அது வேற, இது வேற."
ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்போது
முப்பிடாதி சொன்னது காதில் விழுந்தது:
"மடைய அடைச்சியளா?"

எட்டு மணிக்கு அடுத்தவளிடம் ஒப்படைத்தேன்:
ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு.
விஷமுறிவு, மீதி நான்கு வயல்.
யூரியா சாக்கு ஒன்று, திறக்க வேண்டாம்.
கோட்டுப் பையில் கிடந்ததை மட்டும்
நோட்டில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதினேன்:
மெட்டி ஒன்று, இரண்டு துண்டு.